யார் தலையில் தாமரை

மூன்றாவது பாட்டில் மருந்தைத் தடவிய மறுநாள் காலையில், கதிரவன் என்ற பையனின் தலையிலிருந்த படர்தாமரை அவனுடைய அம்மாவின் தலைக்குப் போயிருந்தது. பையனின் காதுக்கு மேலே எட்டணா அகலத்துக்கு முடி கொட்டி, ஓரம் சிவந்து, செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்த வட்டம் இருந்த இடத்தில் பூனைமுடிபோலப் புதுமுடி அரும்பியிருக்க, அதே காதுக்கு மேலே, அதே அகலத்தில், ஓரத்தில் அதே சிறு நெளிவோடு அந்த வட்டம் அவளிடம் இருந்தது. அவள் கண்ணாடியில் பார்த்தாள், ஒருமுறை சொறிந்துகொண்டாள், தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். நீலவாசல் எஸ்டேட்டில் யாருக்கும் ஒரு டீ குடிக்கிற நேரத்துக்கு மேல் அதில் ஆச்சரியம் இருக்கவில்லை. பிள்ளைக்கு வந்த காய்ச்சல் தனக்கு வரட்டும் என்று சாமியிடம் கேட்காத அம்மா உண்டா, சாமிக்கு இத்தனை நாள் கழித்துக் காது கேட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றார்கள்.

அந்த மலையில் வருஷத்தில் பாதி மழை, மீதி பனி. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் துணி காயாது, தலை காயாது, ஒரே சீப்பு நாலு தலைக்குப் போகும். அதனால் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்குத் தலையில் படர்தாமரை. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள், வட்டம் போனது, அடுத்த மழைக்குத் திரும்பி வந்தது. அப்போதுதான் பொள்ளாச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து நஸீமா வந்தாள். மெலிந்த உருவம், உரக்கப் பேசத் தெரியாத குரல், எந்தப் பிள்ளையின் தலையையும் கூசாமல் மடியில் வைத்துக்கொள்கிற கை. நாகமல்லி வேரிலிருந்து ஒரு சாறு, பூவரசங்காயிலிருந்து ஒன்று, சீமை அகத்தி இலையிலிருந்து ஒன்று என்று மூன்று பாட்டில்கள் கொண்டுவந்திருந்தாள். எது இந்தப் பூஞ்சையைக் கொல்கிறது என்று பார்ப்பது அவளுடைய படிப்பு. முதல் இரண்டும் அரிப்பை அடக்கின, வட்டத்தை அசைக்கவில்லை. சீமை அகத்திதான் அசைத்தது. ஆனால் கொல்லவில்லை, அனுப்பிவைத்தது.

எங்கே அனுப்புகிறது என்பது அந்த வாரம் முடிவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் மேல் உலகத்தில் யாருக்கு அதிகப் பாசமோ அந்தத் தலைக்குப் போகிறது. கதிரவனுடையது அம்மாவுக்குப் போனது சரி. குடித்துவிட்டு வாசலில் கிடக்கிற மாடசாமியின் மகளுடையது, எல்லோரும் அவளுடைய அம்மாவின் தலையைத் தேடிக்கொண்டிருக்க, மாடசாமியின் தலையில் இருந்தது. அவன் அன்றைக்கு முழுவதும் தலையில் துண்டு போடாமல் மழையில் நடந்தான். இரட்டைப் பிறவிகளில் ஒருத்தியுடையது பால்வாடி ஆயாவுக்குப் போனது. ஒரு சிறுமியுடையது எஸ்டேட்டில் எந்தத் தலையிலும் இல்லையே என்று தேடிக் களைத்தபோது, திருநெல்வேலியிலிருந்து அவளுடைய தாத்தா போன் செய்து, தலையில் திடீரென்று வட்டமாக ஒன்று வந்திருக்கிறது, அங்கே பிள்ளைகள் சௌக்கியமா என்று கேட்டார். ஒரு பையனுடையது பஸ் கண்டக்டருக்குப் போனது. அதைப் பற்றி அந்த வீட்டில் மூன்று நாள் பாத்திரங்கள் உருண்டன. சித்தி வீட்டில் வளர்ந்த இன்னொரு பையனுடையது லைன் வாசலில் திரியும் செவலை நாயின் இரண்டு காதுகளுக்கும் நடுவில் இருந்தது. அந்தச் சித்தி நாயை முதலில் கல்லால் அடித்தாள்; சாயங்காலம் அதற்குச் சோறு வைத்தாள்; பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பெரியவர்களின் தலையில் அது தங்கவில்லை. “பெரியவங்க தலையில ஊறுற எண்ணெய் வேற மாதிரி, அதுல இந்தப் பூஞ்சை ரொம்ப நாள் உயிரோட இருக்காது, தானா காஞ்சு உதிர்ந்துடும்” என்று நஸீமா சொன்னாள். அப்படியே காய்ந்து உதிர்ந்தது. ஆகவே அது நோய் என்பதை மக்கள் மெல்ல மறந்தார்கள். படர் என்பது உதிர்ந்து, வெறும் தாமரை என்று ஆயிற்று. “உன் புள்ளையோட தாமரை யாருக்கு வந்துச்சு?” என்று கேட்டுக்கொண்டார்கள். கொழுந்து எடை போடுகிற இடத்தில் பெண்கள் தலைத்துண்டைக் கொஞ்சம் தளர்த்தி, வட்டம் தெரிகிற மாதிரி நின்றார்கள்.

இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டு, தன் துண்டை இறுக்கிக் கட்டியபடி ஒருத்தி இருந்தாள். அவள் பெயர் தவமணி.

அவளுடைய மகள் முத்தரசி மூன்றாம் வகுப்பு. அவளுக்கு உச்சந்தலைக்குப் பக்கத்தில் தாமரை. முத்தரசிக்கு ஒரு வயதாக இருந்தபோது எஸ்டேட்டில் அவர்கள் பகுதியான டிவிஷனில் வேலை நின்றுபோய், தவமணி திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தாள். ஐந்து வருஷம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவாள். பிள்ளையை வளர்த்தது கணவன் சுயம்புவின் அக்கா பொன்னுத்தாய். சுயம்பு லாரி ஓட்டுகிறவன், வீட்டில் இருக்கிற நாள் குறைவு. தவமணி திரும்பி வந்தபோது முத்தரசி அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டாள், ஆனால் பாடப்புத்தகத்திலிருந்து வாசிக்கிற மாதிரி கூப்பிட்டாள். தூங்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். தவமணிக்கு மகளின் மேல் பாசம் இருந்தது. ஆனால் அது எவ்வளவு, அளந்தால் எவ்வளவு வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. இப்போது அளக்கிற மருந்து வந்துவிட்டது.

“மிஸ், என் புள்ளைக்கு மூணாவது பாட்டில் வேண்டாம்” என்று நஸீமாவிடம் சொன்னாள். “முதல் ரெண்டுல ஒண்ணு போடுங்க.”

“அதுல வட்டம் அப்படியே நிக்கும் அக்கா. பார்த்தீங்கல்ல?”

“நின்னுட்டுப் போகட்டும்.”

நஸீமா அவளைப் பார்த்தாள். பஞ்சைக் கீழே வைத்தாள்.

பொன்னுத்தாய் அப்படி விடவில்லை. “புள்ள சொறிஞ்சு சொறிஞ்சு தலகாணியெல்லாம் ரத்தம். நீ போடலேன்னா நான் கூட்டிட்டுப் போய்ப் போடுறேன். யாருக்கு வரணுமோ அவங்களுக்கு வரட்டும்” என்றாள். யாருக்கு வரணுமோ என்பதை மட்டும் நிதானமாகச் சொன்னாள். ஒரு வாரமாகவே அவள் தலைக்குத் துண்டு கட்டுவதை விட்டு, முடியை நடுவகிடு எடுத்துப் பிரித்துப் போட்டிருந்தாள், விருந்தாளி வருவதற்கு முன் பெருக்கி வைத்த வீட்டைப்போல.

“சரி மதினி” என்றாள் தவமணி.

மருந்து தடவினார்கள். விடிந்ததும் முத்தரசியின் தலை சுத்தமாக இருந்தது. தவமணி கண்ணாடியைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தன் முடியை விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அந்நேரம் பொன்னுத்தாய் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்து, “பாரு, நல்லாப் பாரு” என்று அவள் முன்னால் படியில் உட்கார்ந்தாள். தவமணி பார்த்தாள். இல்லை. பொன்னுத்தாய் நம்பவில்லை, எழுந்து தவமணியை உட்காரவைத்து அவள் தலையைத் தேடினாள். அப்படி நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும், வருஷக்கணக்காக நேராக முகம் பார்த்துப் பேசாதவர்கள், படியில் மாறி மாறி உட்கார்ந்து, பேன் பார்க்கிற மாதிரி ஒருவர் தலையை ஒருவர் துழாவிக்கொண்டிருந்தார்கள். சுயம்புவுக்குப் போன் போட்டார்கள். அவன் பாலக்காட்டில் வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடியில் பார்த்துவிட்டு, “எனக்கும் ஒண்ணுமில்ல” என்றான். அவன் குரல் இறங்கியிருந்தது.

பள்ளிக்கூட மணி அடித்தபோது தெரிந்தது. முத்தரசியோடு ஒரே பெஞ்சில் உட்காரும் ரோஸ்லின், அதுவரை தலையில் ஒரு புள்ளிகூட இல்லாதவள், வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். “முத்து, உன்னோடது எனக்கு வந்துருச்சு!” பரிசு வாங்கியவளைப்போலத் தலையைக் குனிந்து எல்லோருக்கும் காட்டினாள்.

லைன் முழுக்கச் சிரித்தது. பெற்றவளும் இல்லை, வளர்த்தவளும் இல்லை, எட்டு வயசுப் பொடிசு! இரண்டு பெண்களும் அன்று எந்தக் கிணற்றில் விழலாம் என்று யோசித்தபடி கொழுந்து பறித்தார்கள்.

ரோஸ்லினுக்கு அம்மா இல்லை. அப்பா அருளப்பன், முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு செடிக்கு மருந்தடிக்கிறவன். “என் புள்ளையோடது எனக்குத்தான் வரும், தேடுறதுக்கு வசதியா இருக்கட்டும்” என்று அன்றைக்கே மொட்டையடித்துக்கொண்டான். மறுநாள் விடியலில் அவன் வாசலில் கூட்டம் கூடியது. வழவழவென்ற அவன் தலையில் பனி மட்டும்தான் இருந்தது. ரோஸ்லினுடைய தாமரை முத்தரசிக்கே திரும்பிப் போயிருந்தது. வேலை நேரம் முழுவதும் அருளப்பனுடைய கை அடிக்கடி மேலே போய்த் தலையைத் தடவிவிட்டு வந்தது.

சிரிப்பு அங்கே நின்றது. முத்தரசிக்குத் தடவினால் ரோஸ்லினுக்கு, ரோஸ்லினுக்குத் தடவினால் முத்தரசிக்கு. பெரிய தலை ஒன்றுக்குப் போனால் காய்ந்து உதிர்ந்துவிடும். இது சின்னத் தலைக்கும் சின்னத் தலைக்கும் நடுவில் அலைந்தது. அலைந்தது மட்டுமில்லை, ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் பெரிதாகிக்கொண்டே போனது. எட்டணாவாக இருந்தது அப்பளமானது. ஓரத்தில் நீர் கோத்தது. பிறகு சீழ் வைத்தது. நஸீமா பயந்துபோய் மருந்தை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மாத்திரை கொடுத்தார்கள். ஒரு தடவை நடக்கக் கற்றுக்கொண்ட தாமரை மாத்திரைக்கும் நடந்தது.

சின்னவர்கள் இரண்டு பேரும் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாசம்தானே காரணம், அதை விட்டுவிடுவது என்று முடிவு செய்து, இடைவேளையில் சண்டை போட்டார்கள். முத்தரசி ரோஸ்லினின் கலர் பென்சில்களை ஒன்று விடாமல் ஒடித்தாள். ரோஸ்லின் முத்தரசியின் கையைக் கடித்தாள், பல் பதிந்தது. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டு பேருமே அழுததை டீச்சர் பார்த்தாள். சாயங்காலம் அவர்களே நஸீமாவிடம் போய், “இப்ப போடுங்க மிஸ், நாங்க சேத்தி இல்ல” என்றார்கள். அவள் தயங்கித் தயங்கித் தடவ, விடிவதற்குள் தாமரை, வழி தெரிந்த மாடு வீடு திரும்புவதுபோலத் தாண்டியிருந்தது.

மற்ற பெற்றோருக்கு இப்போது பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை தடவை தாண்டித் தாண்டிக் கொழுத்த நோய், நாளைக்குத் தங்கள் பிள்ளைகளின் மேல் பாய்ந்தால்? காலையில் பேர் கூப்பிட்டு மஸ்டர் போடுகிற மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். தவமணி எழுந்தாள். மகளின் தலையில் அவள் அன்று காலையில் பார்த்த காயம் கண்ணுக்குள்ளேயே நின்றது. கூடவே வேறொன்றும் நின்றது, அதை அவள் பார்க்க விரும்பவில்லை.

“ரெண்டையும் பிரிக்கணும். அந்தப் புள்ளைய எங்கயாச்சும் அனுப்பிடுங்க” என்றாள்.

அருளப்பன் எழுந்து, “எம் புள்ள என்ன தப்பு பண்ணுச்சு?” என்றான்.

“உங்க புள்ள எம் புள்ள மேல வச்சிருக்கிற பாசம்தாண்ணே சீக்கு.”

நஸீமா, “தூரமா அனுப்பினா நின்னுடும்னு யார் சொன்னா? திருநெல்வேலிக்கே போயிருக்கே” என்றாள்.

“அஞ்சு வருஷம் தூரத்துல இருந்தா எல்லாம் நின்னுடும்” என்றாள் பொன்னுத்தாய். தவமணியைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

பொள்ளாச்சியில் ஒரு விடுதியில் இடம் கேட்டார்கள், கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஜீப் வரும் என்று முடிவானது.

அந்த வாரம் தாமரை ரோஸ்லினிடம் இருந்தது. காய்ச்சலும் வந்துவிட்டது. அருளப்பனைத் தூரத்து டிவிஷனுக்கு வேலைக்குப் போட்டிருந்தார்கள். இருட்டிய பிறகுதான் வருவான். அக்கம்பக்கத்தில் யாரும் அந்த வீட்டுப் படியேறவில்லை. தவமணிதான் ஏறினாள். ஏன் ஏறினாள் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரியும். அந்தப் பிள்ளை ஊரைவிட்டுப் போவதற்குள் அவளிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். தன் மகளை நேசிப்பது எப்படி என்று அவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

கஞ்சியை ஆற்றி ஊட்டிவிட்டு, நெற்றியில் துணியை நனைத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள், “முத்தரசிக்கு என்ன பிடிக்கும்?”

ரோஸ்லினுக்கு இந்தக் கேள்வி விசித்திரமாகப் படவில்லை. “ரசஞ்சோத்துல அப்பளத்தை நொறுக்கிப் போட்டா பிடிக்கும் முத்தம்மா. முழுசா வச்சா சாப்பிட மாட்டா.”

முத்துவின் அம்மா, அதனால் முத்தம்மா. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளே வைத்த பெயர்.

“அப்புறம்?”

“தலை வாருறப்ப காதைத் தொட்டா கூசும். நாய்ன்னா பிடிக்கும், ஆனா பிடிக்காதுன்னு சொல்லுவா. கணக்கு டீச்சர் போர்டுல சின்ன எழுத்துல எழுதுறாங்க, அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியல, யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லியிருக்கா.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அப்புறம், பயந்தா சிரிப்பா.”

“சிரிப்பாளா?”

“ஆமா. ரொம்பப் பயந்தா நிறைய சிரிப்பா. நீங்க திருப்பூர்லேருந்து வர்றப்பெல்லாம் சிரிச்சுக்கிட்டே இருப்பாளே.”

தவமணியின் கை நின்றது. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் அவள் ஐந்து வருஷம் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓடி வந்து சிரித்துக்கொண்டே நிற்கிற பிள்ளை.

“என்ன பயம் அவளுக்கு?”

“மறுபடி போயிடுவீங்கல்ல, அதுக்கு” என்றாள் ரோஸ்லின்.

தவமணி தினமும் வந்தாள். கேட்டுத் தெரிந்துகொண்டதை வீட்டில் செய்து பார்த்தாள். அப்பளத்தை நொறுக்கிப் போட்டாள். முத்தரசி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைக் காலி செய்தாள். சீப்பு காதில் படாமல் வாரினாள். கண் டாக்டரிடம் கூட்டிப்போக நாள் கேட்டுவைத்தாள். ஆனால் வேறு ஒன்றும் நடந்துகொண்டிருந்தது, அதை அவள் கவனிக்கவில்லை. ரோஸ்லின் எதையும் கேட்காத பிள்ளை. தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சொம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள், கேட்க மாட்டாள். சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டே தூங்குவாள். கொடுத்ததில் நல்லதைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பாள், கடைசியில் அதை முத்துவுக்கு என்று மடித்துக் கொடுத்துவிடுவாள். ஒருநாள் தவமணி பழக்கத்தில் அவளுக்கும் அப்பளத்தை நொறுக்கிப் போட, “எனக்கு முழுசாப் பிடிக்கும் முத்தம்மா” என்று மெல்லிய குரலில் சொன்னாள். அந்தப் பிள்ளை தனக்கென்று வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. தவமணி கடைக்கு நடந்துபோய் அப்பளம் வாங்கி வந்து, பொரித்து, முழுசாக வைத்தாள். செடிகளுக்கு நடுவே நின்று கொழுந்து கிள்ளும்போது, இந்நேரம் காய்ச்சல் ஏறியிருக்குமோ, தண்ணீர் கேட்கத் தெரியாத பிள்ளை தாகத்தோடு படுத்திருக்குமோ என்று நினைத்து, முற்றல் இலையையும் சேர்த்துக் கிள்ளினாள்.

ஞாயிற்றுக்கிழமை பனி இறங்கிக் கிடந்தது. ஜீப் வந்து லைன் முனையில் நின்று ஹாரன் அடித்தது. ரோஸ்லினால் நிற்க முடியவில்லை. தலையின் ஒரு பக்கம் வீங்கி, தொட்டால் அமுங்குகிற மாதிரி ஆகியிருந்தது. அருளப்பன் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, அதற்கு மேல் கால் நகராமல் நின்றான். நஸீமா மிச்சமிருந்த ஒரே பாட்டிலோடு வந்திருந்தாள்.

“இந்தப் புள்ளை இதை இனிமே தாங்காது” என்றாள் தவமணியிடம், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். “தடவினா முத்தரசிக்குப் போகும். அவ தலையில போன தடவைக் காயமே ஆறல. அவளும் தாங்க மாட்டா. ரெண்டுல எதைன்னு எனக்குத் தெரியல அக்கா.”

“ஏத்துங்க, ஏத்துங்க, எதுவா இருந்தாலும் கீழ பெரியாஸ்பத்திரியில பார்த்துக்குவாங்க” என்றாள் பொன்னுத்தாய். கூட்டமும் அதையே சொன்னது.

அப்போது முத்தரசி ஆட்களின் காலுக்கிடையே நுழைந்து வந்தாள். முடி கொட்டிய உச்சந்தலையில் காயம் பொருக்குத் தட்டியிருந்தது. “போடுங்க மிஸ், அவளுக்குப் போடுங்க. எங்கிட்டயே வரட்டும்” என்றாள். சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாய்கொள்ளாத சிரிப்பு. கூட்டத்தில் ஒரு பெண், பாரேன் இந்தக் குட்டியோட நெஞ்சழுத்தத்தை என்றாள். அந்தச் சிரிப்பு என்னவென்று அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒருத்தி காய்ச்சலில் கண் மூடிக் கிடந்தாள்.

தவமணி மகளின் கையைப் பிடித்தாள். அது சில்லென்றிருந்தது. “நான் எங்கயும் போகமாட்டேன். அவளும் போகமாட்டா” என்றாள். அருளப்பனிடமிருந்து ரோஸ்லினை வாங்கி, படியில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டாள். “ஜீப்பைப் போகச் சொல்லுங்க.”

“உனக்குப் பைத்தியமா? பெத்த புள்ள செத்துரும்டி!” என்று பொன்னுத்தாய் கத்தினாள்.

தவமணி பாட்டிலுக்காகக் கையை நீட்டினாள். நஸீமா கொடுத்தாள். பஞ்சு இல்லாமல், பச்சை வாடையடிக்கும் அந்தச் சாற்றை உள்ளங்கையில் ஊற்றி, வீக்கம் நோகாமல், விளிம்பிலிருந்து உள்ளே, ஒரு இடம் விடாமல் தடவினாள். ரோஸ்லின் முனகினாள். இதோ, இதோ, முடிஞ்சது கண்ணு என்று அவள் வாய் அதன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஹாரன் இன்னொரு தடவை அடித்துவிட்டு ஜீப் போனது.

அன்று லைனில் யாரும் சமைக்கவில்லை. பொன்னுத்தாய் முத்தரசியைத் தன் மடியில் கிடத்தி, பத்து விரலையும் அந்தச் சின்னத் தலையின் மேல் பரப்பி வைத்துக்கொண்டாள், வருகிற தாமரையை வழியிலேயே பிடித்துவிடப் போகிறவளைப்போல. அருளப்பன் சுவரில் சாய்ந்து ஜெபமாலை உருட்டினான். தவமணி ரோஸ்லினின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வெளுக்கத் தொடங்கியதும் பொன்னுத்தாயின் குரல் கேட்டது. “இல்ல! புள்ள தலையில இல்ல!” தவமணி குனிந்து ரோஸ்லினைப் பார்த்தாள். வீக்கம் வடிந்து, தோல் வெறும் தோலாக, காய்ச்சல் விட்ட வேர்வையில் நனைந்திருந்தது. இரண்டு தலையும் சுத்தம். அது போதும் அவளுக்கு. வேறெதையும் யோசிக்காமல், வாரம் முழுக்கப் பாதி நாள் வேலைக்கு மட்டம் போட்டதற்கு மேஸ்திரி என்ன சொல்வானோ என்று துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

லைனில் தேடினார்கள். அருளப்பனின் தலையை, பொன்னுத்தாயின் தலையை, வண்டியோடு வந்து சேர்ந்த சுயம்புவின் தலையை. பெண்கள் நடுவில் நஸீமா முக்காட்டைத் தானே இறக்கிக் காட்டினாள். செவலை நாயைக்கூடப் பிடித்துப் பார்த்தார்கள். எங்கும் இல்லை. செத்துத்தான் போயிருக்கும், மருந்து கடைசியில் மருந்தாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு, ஆறுதலாகவும் கொஞ்சம் ஏமாற்றமாகவும் கலைந்தார்கள்.

உச்சி நேரத்துக்குத் தவமணிக்குத் தலை அரித்தது. மழைநாளில் அட்டை ஏறியிருக்கும் என்று துண்டுக்குள் விரலை விட்டாள். அட்டை இல்லை. முடியும் இல்லை. விரல் ஒரு வழுக்கையான இடத்தில் வழுக்கிக்கொண்டு போய், செதில் செதிலான ஓரத்தில் முட்டி, வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்தது. அவள் செடிகளுக்கு நடுவில், ஈர மண்ணில், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தனக்கும் வரும். தன் தலைக்கும் தாமரைக்கு வழி தெரிந்திருக்கிறது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. இது ரோஸ்லினுடையது. முத்தரசியின் தலையில் இருந்தபோது தடவியிருந்தால் எங்கே போயிருக்கும்? ஆரம்பத்தில் தெரியும், தனக்கு வரவில்லை. இப்போது? நேற்று, அந்தப் படியில்? இனி யாரும் சொல்ல முடியாது. பிள்ளைகள் யார் தலையிலும் தாமரை இல்லை, பாட்டில் காலி. அருளப்பனின் மொட்டைத் தலை நினைவுக்கு வந்தது. அந்த மனிதன் முகத்தில் எப்படி விழிப்பது? தவமணி துண்டை முன்னைவிட இறுக்கிக் கட்டினாள். காய்ந்து உதிரும்வரை யாருக்கும் காட்டப்போவதில்லை.

சாயங்காலம் எடை போடுகிற இடத்துக்கு முத்தரசி வந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, கால் இன்னும் பலமில்லாத ரோஸ்லின். தவமணியின் கை தன்னையறியாமல் துண்டுக்குள் போவதை முத்தரசி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அம்மா, துண்டை அவுரு.”

“ஒண்ணுமில்ல, அட்டை கடிச்சிருக்கு.”

“குனி.”

தவமணி குனிந்தாள். நாலு சின்னக் கைகள் முடியைப் பிரித்தன. தவமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஜோடிக் கால்கள், ஒன்றில் செருப்பு வார் அறுந்திருந்தது.

“ரோஸி, உன்னோடது” என்றாள் முத்தரசி.

“ஆமா” என்றாள் ரோஸ்லின். “வலிக்குதா முத்தம்மா?”

“அரிக்குது” என்றாள் தவமணி. அவள் கை மறுபடி மேலே போனது.

முத்தரசி அந்தக் கையை எட்டிப் பிடித்து இழுத்தாள். “சொறியக்கூடாதும்மா! சொறிஞ்சா பெருசாகும், ரத்தம் வரும், உனக்கு ஒண்ணுமே தெரியாது” என்று அதட்டினாள். பிடித்த கையை விடவில்லை. “ரோஸி, அந்தக் கையை நீ பிடிச்சுக்க.”

லைனுக்குப் போகிற வழி இறக்கம். மழை தூறத் தொடங்கியிருந்தது. அரிப்பு உச்சந்தலையிலிருந்து பிடரிவரை எறும்பு ஊர்கிற மாதிரி ஓடியது, கண்ணில் நீர் வந்தது. ஒரு விரலையாவது விட்டால் போதும். தவமணி இரண்டு கைகளையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். விடச் சொல்லி அவள் கேட்கவில்லை.